இங்கிலீஷ் பந்தியில ரெக்னிக் தேடுறது எப்பிடி: பிள்ளையள் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்வியள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஓ.எல்லுக்கு (சாதாரண தரப் பரீட்சைக்கு) ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளையளுக்கும் ஏ.எல் (உயர்தர) இங்கிலீஷ் செய்யிற கொஞ்சப்பேருக்கும் நான் படிப்பிக்கிறன். வகுப்பு முடிஞ்சு சைக்கிளை எடுக்கேக்க ஒராள் வந்து கேப்பா, இரவில வாட்ஸ்அப்பில இன்னொராள் வொய்ஸ் போடுவார், ஆள்தான் வேற, கேள்வி அதே கேள்விதான்: எழுதினவர் பாவிக்கிற உத்தியளை, அதாவது ரெக்னிக்கை, எப்பிடிப் பிடிக்கிறது, அதைப் பற்றி என்ன எழுதுறது எண்டு. அதால அவை கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு விடையையும் ஓரிடத்தில எழுதி வைக்கிறன்.

எல்லாத்துக்கும் ஒரே உதாரணம் இருந்தா லேசு, அதுக்காக நானே ஒரு குட்டிப் பந்தி எழுதினன். இங்கிலீசில எழுதினதை இதில தமிழில தாறன், முக்கியமான ஒண்டு ரெண்டு சொல்லை மட்டும் இங்கிலீஷ் உச்சரிப்பில பிறகு சொல்லுவன்.

"மத்தியானம் பஸ் நொண்டி நொண்டி மாங்குளத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருத்தரும் இறங்கேல்ல. புழுதி ஒரு திரை மாதிரித் தொங்கினது. கொண்டக்டர் றோட்டைப் பாத்தார், வானத்தைப் பாத்தார், பிறகு முன் சீற்றில இருந்த கிழவியைப் பாத்தார். கிழவியின்ர மடியில ஈரத்துணியால மூடின ஒரு மண்பானை. 'இவ ஒட்டுசுட்டானுக்குப் போகோணுமாம்' எண்டார். டிரைவர் எஞ்சினை நிப்பாட்டினார். அமைதி."

லாங்குவேஜ் ரெக்னிக் எண்டா என்ன, ஸ்ட்ரக்சர் ரெக்னிக் எண்டா என்ன, ரெண்டும் ஒண்டுதானே ரீச்சர்?

ஒண்டில்லை. எழுதினவர் எந்தச் சொல்லை எடுத்தார், எதோட எதை ஒப்பிட்டார், என்ன சத்தம் வரப்பண்ணினார் எண்டதெல்லாம் மொழி. எதை முதல் சொன்னார், எதைப் பிந்திச் சொன்னார், எந்த இடத்தில எங்கட பார்வையைத் திருப்பினார், எதைச் சொல்லாமலே விட்டார் எண்டது அமைப்பு. மாங்குளப் பந்தியில பஸ் "லிம்ப்ட்" எண்டு இங்கிலீசில போட்டிருக்கிறன், நொண்டினது எண்டு, அது மொழி. பானையைக் காட்டிப்போட்டு உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு சொல்லாமல் விட்டது அமைப்பு.

சந்தேகம் வந்தா இப்பிடிச் செய்து பாருங்கோ. வசனத்தை இடம் மாத்திப் போட விளைவு கெட்டுப்போகுதெண்டா அது அமைப்பு. இடம் அப்பிடியே இருக்க ஒரு சொல்லை மட்டும் மாத்தக் கெட்டுப்போகுதெண்டா அது மொழி. ரெண்டு பக்கமும் சேருறதும் இருக்கு, அதைக் கீழ சொல்லுறன்.

மொத்தம் எத்தின ரெக்னிக் பாடமாக்கோணும்? ஒரு லிஸ்ட் தாங்கோவன்

நெடுக லிஸ்ட் அடிச்சு போனில அனுப்புகினம், அதைப் பாத்துப் பயந்துதான் கனபேர் இந்தப் பாடத்தையே விடுகினம். அவ்வளவு தேவையில்லை. மொழிப் பக்கம் சிமிலி (உவமை), மெற்றஃபர் (உருவகம்), பேர்சனிஃபிகேசன் (மனிசர் இல்லாததை மனிசர் மாதிரிக் காட்டுறது), சொல் தெரிவு, சத்தம், அடுக்கிச் சொல்லுறது, எதிர் எதிராய் வைக்கிறது, இவ்வளவும் கையில இருந்தாக் காணும். அமைப்புப் பக்கம் தொடக்கம், பார்வை திரும்புற இடம், காலம் முன்னுக்குப் பின்னுக்குப் போறது, மறைச்சு வைக்கிறது, முன்கூட்டிக் குறிப்புக் காட்டுறது, முடிவு.

உங்களுக்கு இதில பாதி ஏற்கெனவே தெரியும். உவமையும் உருவகமும் தமிழ்ப் பாடத்தில படிச்சனீங்கள், எதுகை மோனை கண்டுபிடிச்சனீங்கள். சங்கப் பாட்டில உள்ளுறை தேடின பிள்ளைக்கு இங்கிலீஷ்க் கவிதை ஒரு பெரிய மலையில்லை, நான் இதைத் தைரியத்துக்குச் சொல்லேல்ல, உண்மையாவே அந்தப் பழக்கம் உதவுது.

"லைக்" வந்தா சிமிலி, வராட்டி மெற்றஃபர், அவ்வளவுதானே?

முழுக்கச் சரியில்லை. "ஐ லைக் மாங்கோஸ்" எண்டதில லைக் வருது, சிமிலி இல்லை. "இந்தக் காலபோக நெல் விளைச்சல் போன காலபோக விளைச்சல் மாதிரி" எண்டு சொன்னாலும் அது வெறும் ஒப்பீடுதான், ஏனெண்டா ரெண்டும் ஒரே வகைப் பொருள். புழுதியும் திரையும் வேற வேற வகை, அதுகளைச் சேர்த்து வைக்கேக்கதான் சிமிலி. "லைக்" இல்லாமல் "அஸ்" வந்தும் சிமிலி வரும்.

கண்டுபிடிச்ச பிறகு என்ன செய்யிறதெண்டதுதான் முக்கியம். ஐ.ஏ.றிச்சர்ட்ஸ் எண்ட விமர்சகர் 1936இல மெற்றஃபரை ரெண்டாப் பிரிச்சுச் சொன்னார், எதைப் பற்றிப் பேசுறமோ அது ரெனர், எதைக் கொண்டுவந்து அதில ஏத்துறமோ அது வெஹிக்கிள். பேரை எழுதத் தேவையில்லை, பிரிச்சுப் பாக்கிற முறையை எடுங்கோ, சிமிலிக்கும் அது பொருந்தும். திரை என்னென்ன செய்யும்? மறைக்கும், ரெண்டு பக்கமாப் பிரிக்கும், நாடகம் தொடங்க முதல் மேடைக்கு முன்னால தொங்கும். இதில எது இந்தப் பந்திக்குப் பொருந்துது? முன்னுக்கு இருக்கிற றோட்டை மறைக்குது, இனி ஏதோ நடக்கப்போகுது எண்ட எதிர்பார்ப்பும் வருது. ரெண்டு வரி எழுத உங்களுக்கு விசயம் கிடைச்சிட்டுது.

ரெக்னிக் பேர் எல்லாம் சரியா எழுதினன், ஸ்பெல்லிங்கும் சரி, ஏன் புள்ளி வரேல்ல?

எல்லாக் கேள்வியிலயும் கூடக் கேக்கிற கேள்வி இதுதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன். பேர் எழுதினது நீங்கள் அதைக் கண்டனீங்கள் எண்டதுக்கு அடையாளம் மட்டும். பேப்பர் திருத்துறவருக்கு அந்தப் பேர் ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியவேண்டியது அந்த இடத்தில அது என்ன வேலை செய்யுது எண்டு நீங்கள் விளங்கினீங்களோ எண்டது. "எழுத்தாளர் பேர்சனிஃபிகேசன் பாவிச்சிருக்கிறார், அது வாசகருக்கு ஆர்வத்தைத் தருது" எண்டு எழுதினா அந்த வசனத்தை உலகத்தில இருக்கிற எந்தக் கதைக்குக் கீழயும் ஒட்டலாம். எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய வசனம் இந்தக் கதையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல.

இப்ப இதைப் பாருங்கோ: "லிம்ப்ட் எண்ட வினைச்சொல் காயப்பட்ட காலுக்குச் சொல்லுறது, பஸ்ஸுக்கு அதைச் சொல்லேக்க அது கன தூரம் கஷ்டப்பட்டு ஓடி வந்து இனி ஏலாது எண்டு நிக்கிற ஒரு உயிர் மாதிரித் தெரியுது, முதல் வசனத்திலயே எங்களுக்கு அதில இரக்கம் வருது, அந்த இரக்கத்தோட இது இனியும் ஓடுமோ எண்ட பயமும் சேருது." இதில பேர்சனிஃபிகேசன் எண்ட சொல்லே இல்லை, எண்டாலும் இது நல்ல விடை. பேரையும் சேர்த்தா இன்னும் நல்லது.

இந்த விடைக்கு எப்பிடிப் போறதெண்டா சொல்லை மாத்திப் பாக்கிறது. "லிம்ப்ட்" இருந்த இடத்தில "கேம்" எண்டு போடுங்கோ. பஸ் வந்தது. என்ன காணாமல்போச்சு? களைப்புப் போச்சு, நோவு போச்சு, பயணத்தின்ர நீளம் போச்சு. காணாமல்போனதை எழுதுங்கோ, அதுதான் அந்தச் சொல்லின்ர வேலை. நான் வகுப்பில வேற எதைச் செய்யாட்டியும் இதைச் செய்விப்பன், ஏனெண்டா பாடமாக்கினது பரீட்சை மண்டபத்தில மறக்கும், சொல்லை மாத்திப் பாக்கிறதுக்கு ஞாபகம் தேவையில்லை, பேப்பரும் பென்சிலும் காணும்.

"வாசகரின் மனதில் ஒரு படம் வருகிறது" எண்டு எழுதினாக் காணாதோ?

காணாது. என்ன படம் எண்டு சொல்லோணும். மேல சொன்ன அதே பிரச்சினைதான், எந்தக் கவிதைக்கும் ஒட்டுற வசனம். படம் வருதெண்டா அதில என்ன நிறம், எது பெரிசாத் தெரியுது, பாக்கிறவர் கிட்ட நிக்கிறாரோ தூர நிக்கிறாரோ, அதில இருந்து என்ன உணர்வு வருது எண்டு ஒரு வரி போடுங்கோ. "இது வாசகரைத் தொடர்ந்து வாசிக்கத் தூண்டுகிறது" எண்ட வசனத்துக்கும் இதே கதைதான், என்னத்தை அறிய வாசிக்கிறம் எண்டு எழுதுங்கோ.

பேர் தெரியாத ரெக்னிக் ஒண்டு வந்தா விட்டிட்டுப் போறதோ?

விடக்கூடாது. சொல்லின்ர வகையாலயே சொல்லலாம்: இந்த வினைச்சொல், இந்தப் பெயரடை, இந்தக் கேள்வி வசனம், இந்தக் கட்டளை. அதுவும் கலைச்சொல்தான். பேர் தெரியாததை ஏதோ ஒரு பெரிய பேரால நிரப்புறதுதான் கூடாது, பிழையான பேர் வந்தா பின்னால எழுதின நல்ல விளக்கத்திலயும் திருத்துறவருக்குச் சந்தேகம் வரும்.

ஒரே எழுத்தில தொடங்கினா அலிற்றரேசன் எண்டு எழுதீட்டன், அதுக்குப் பிறகு என்ன எழுதிறதெண்டு தெரியேல்ல

முதல் ஒரு திருத்தம். எழுத்தில்லை, சத்தம். இங்கிலீசில "சிற்றி", "கற்" எண்ட ரெண்டும் சீ எழுத்திலதான் தொடங்குது, ஆனா அது அலிற்றரேசன் இல்லை. "ஃபோன்", "ஃபிஷ்" ரெண்டுக்கும் எழுத்து வேற, சத்தம் ஒண்டு, அது அலிற்றரேசன். "நைஃப்" எண்ட சொல் கே எழுத்தில தொடங்கினாலும் ந சத்தம்தான். தமிழில எழுத்தைப் பாத்தே மோனை பிடிச்சுப் பழகின எங்கட பிள்ளையள் கூடத் தவறவிடுற இடம் இது. வாய்விட்டு வாசியுங்கோ, கண்ணால தேடாதேங்கோ.

அடுத்தது, ஸ் சத்தம் வந்தா பாம்பு, ப் ட் க் வந்தா கோபம் எண்டு ஒரு சூத்திரம் சுத்தித் திரியுது. சத்தத்துக்குத் தனிய கருத்துக் கிடையாது. நித்திரையாகிற குழந்தையைப் பற்றின வரியில ஸ் வந்தா அது மெதுவா ஆராட்டுற சத்தம், எதிரி பதுங்கி வாற வரியில அதே ஸ் வந்தா அது வேற. முதல் கருத்தைப் பாருங்கோ, பிறகு சத்தம் அதோட ஒத்துப்போகுதோ முரண்டுபிடிக்குதோ எண்டு பாருங்கோ. ஒத்தும் போகேல்ல முரணும் இல்லையெண்டா அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

மழை அழுதது எண்டு வந்தா பேர்சனிஃபிகேசனோ பதெற்றிக் ஃபலசியோ?

ரெண்டுமாய் இருக்கலாம். மனிசர் இல்லாததுக்கு மனிசரின்ர செயலைக் கொடுத்தா பேர்சனிஃபிகேசன். இயற்கையில இருக்கிற ஒண்டுக்கு ஆக்களின்ர உணர்ச்சியை ஏத்தி, கதையில வாற ஆளின்ர மனநிலைக்கு வானமும் காத்தும் சேர்ந்து ஆடுறமாதிரிக் காட்டினா பதெற்றிக் ஃபலசி. இந்தப் பேரை வச்சவர் ஜோன் ரஸ்கின், 1856இல, அவர் இதை ஒரு குறையாத்தான் சொன்னார், இப்ப பள்ளிக்கூடத்தில குறையெண்டு இல்லாமல் ஒரு உத்தியின்ர பேராத்தான் பாவிக்கினம். பஸ் நொண்டினது பேர்சனிஃபிகேசன் மட்டும், பஸ் இயற்கை இல்லையே.

தமிழில இதுக்குக் கிட்ட வாறது தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரேக்க மதில் கொடியள் காத்தில ஆடினதை, வராதேங்கோ எண்டு கை காட்டின மாதிரிச் சிலப்பதிகாரம் சொல்லும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய் வாற பிள்ளையளுக்கு இந்தக் கதை சொல்லித் தரத் தேவையில்லை. ஆனா பாருங்கோ, அங்க கொடி பின்னால வரப்போற ஆபத்தையும் முன்கூட்டியே காட்டுது. அது அமைப்பு வேலை. ஒரே வரி மொழியாலயும் அமைப்பாலயும் வேலை செய்யும் எண்டு முதல் விடையில சொன்னது இதைத்தான்.

ஸ்ட்ரக்சர் கேள்வி வந்தா எனக்கு ஒண்டும் ஓடாது. எங்க இருந்து தொடங்கிறது?

சொல்லுகளை மறந்திட்டு ஒரு கமரா கையில இருக்கெண்டு நினையுங்கோ. ஒவ்வொரு வசனத்திலயும் கமரா எதைப் பாக்குது? மாங்குளப் பந்தியில முதல் தூரத்தில இருந்து முழுப் பஸ், பிறகு கொண்டக்டரின்ர கண் போற வழியால றோட்டு, வானம், கிழவி, பிறகு இன்னும் கிட்டப்போய் மடி, பானை. பெரிசில இருந்து சின்னதுக்கு இறங்கி வருது. ஏன்? அந்தப் பானைதான் முக்கியம் எண்டு எழுதினவர் சொல்லாமல் எங்கட கண்ணைக் கூட்டிக்கொண்டு வாறார். வந்து சேர்ந்த பிறகு துணியால மூடிக்கிடக்கு. அந்த ஏமாத்தம்தான் எங்களைப் பிடிச்சு வைக்குது.

கமரா திரும்புற ஒவ்வொரு இடத்திலயும் பென்சிலால ஒரு கோடு போடுங்கோ. இடம் மாறினாக் கோடு, நேரம் மாறினாக் கோடு, வெளியில நடந்ததில இருந்து ஒராளின்ர மனசுக்குள்ள போனாக் கோடு, பேச்சுத் தொடங்கினாக் கோடு. பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில "ஏன் இங்க?" எண்டு கேளுங்கோ, "ஏன் இதுக்கு முதல் இல்லை?" எண்டும் கேளுங்கோ. ரெண்டாவது கேள்விதான் நல்ல விடையைக் கொண்டுவாறது. கிழவியை முதல் வசனத்திலயே காட்டியிருந்தா கதை அவவின்ர கதையாத் தொடங்கியிருக்கும். பிந்திக் காட்டினதால முதலில பஸ்ஸில இருக்கிற எல்லாரின்ர பிரச்சினையாத் தெரிஞ்சது பிறகு ஒராளின்ர தேவையாச் சுருங்குது.

கடைசியா, முதல் வசனத்தையும் முடிவு வசனத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. அசைவில தொடங்கி அசைவில்லாமல் முடியுது. நடுவில இருந்து கதையைத் தொடங்கிறது இன்னொரு வழி, அதுக்கு இன் மீடியாஸ் ரெஸ் எண்டு பேர், றோமாபுரிக் கவிஞர் ஹொரஸ் விட்டிட்டுப் போன சொல். அப்பிடி வந்தா என்ன விசயம் எங்களுக்கு இன்னும் தெரியாது எண்டதை எழுதுங்கோ.

சின்ன வசனம் வந்தா "டென்சன்" எண்டு எழுதலாம்தானே, எல்லாரும் அப்பிடித்தான் எழுதினம்

சில நேரம் சரி, கன நேரம் பிழை. சின்ன வசனம் முடிவு கட்டும், அதிர்ச்சி தரும், ஒராள் பேச விருப்பமில்லாமல் இருக்கிறதைக் காட்டும், சிரிப்பும் காட்டும். அதுக்கு முன்னால என்ன நீளத்தில வசனம் வந்தது எண்டு பாக்காமல் சொல்ல ஏலாது. எல்லா வசனமும் சின்னனா இருக்கிற பந்தியில ஒரு சின்ன வசனத்துக்கு விசேசம் இல்லை. என்ர பந்தியில கடைசி "சைலன்ஸ்" ஒரே ஒரு சொல், அதுக்கு முதல் எஞ்சின் நிண்டது. சத்தம் நிண்ட மாதிரியே வசனமும் நிக்குது, அதைத்தான் எழுதோணும். டென்சன் எண்டு எழுத விருப்பமெண்டா யாருக்கு, எதைப் பற்றி எண்டதையும் சேருங்கோ.

கவிதைக்கு ஸ்ட்ரக்சர் எண்டா ரைம் ஸ்கீம் மட்டும்தானோ?

ரைம், அதாவது வரி முடிவில சத்தம் ஒத்து வாறது, ஒரு பகுதிதான். வரி எங்க உடையுது எண்டு முதல் பாருங்கோ. வசனம் முடியாமல் அடுத்த வரிக்கு ஓடினா என்ஜாம்ப்மன்ற், வரியின்ர நடுவில நிப்பாட்டினா சிசூரா. ஓடுற இடத்தில என்ன ஓடுது, நிக்கிற இடத்தில என்ன நிக்குது எண்டு கருத்தோட சேர்த்துப் பாருங்கோ.

சொனெற் எண்ட கவிதை வடிவம் வந்தா 14 வரி. ஷேக்ஸ்பியர் எழுதின வகையில நாலு நாலா மூண்டு பகுதி, கடைசியில ரெண்டு வரி. இத்தாலியப் பெற்றார்க் வகையில 8 வரியும் 6 வரியும். ரெண்டிலயும் யோசினை திரும்புற இடம் ஒண்டிருக்கும், வோல்ற்றா எண்டு சொல்லுவினம், அது எந்த வரியில வருது, அதுக்கு முதல் என்ன நினைச்சார் பிறகு என்ன நினைக்கிறார் எண்டு பிடிச்சா பாதிக் கவிதை விளங்கீட்டுது. எந்த வரி எதோட ரைம் எண்டு காட்ட "ஏபிஏபி சீடிசீடி" எண்டு மட்டும் எழுதிவிட்டா அது மேல சொன்ன பேர் மட்டும் எழுதின விடைதான்.

திரும்பத் திரும்ப வாறது லாங்குவேஜோ ஸ்ட்ரக்சரோ? புத்தகத்தில ரெண்டிலயும் போட்டிருக்கு

எவ்வளவு தூரத்தில திரும்ப வருதெண்டு பாருங்கோ. ஒரே வசனத்துக்குள்ள, "பாத்தார், பாத்தார், பாத்தார்" மாதிரி வந்தா மொழி எண்டு எழுதுறது லேசு, அந்த அடுக்கு ஆள் முடிவெடுக்க ஏலாமல் தவிக்கிறதைக் காட்டுது. முதல் பந்தியில வந்த ஒரு பொருள் கடைசிப் பந்தியில மாறின நிலையில திரும்ப வந்தா அமைப்பு. இந்தக் கதை நீண்டு போய் கடைசியில அந்தப் பானை வெறுமையாக் கிடந்தா ரெண்டு பானைக்கும் இடையில என்ன நடந்தது எண்டதுதான் விடை.

கோட் (மேற்கோள்) எவ்வளவு நீளம் எடுக்கலாம்? நான் முழு வசனத்தையும் எழுதிறனான்

ஒரு சொல், இல்லாட்டி நாலைஞ்சு சொல். முழு வசனம் எழுதினா எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுறீங்கள் எண்டு உங்களுக்கே பிடிபடாது, நேரமும் போகும். மேற்கோள் குறிக்குள்ள, பேப்பரில இருந்தபடியே, உங்கட வசனத்துக்குள்ள சேர்த்து எழுதுங்கோ. அமைப்புக் கேள்வியில மேற்கோள் குறையலாம், "மூண்டாம் பந்தித் தொடக்கத்தில" எண்டு இடத்தைச் சொன்னாலும் சரி.

லண்டனில படிக்கிற என்ட அக்கான்ர மகளுக்கு ரெண்டும் தனித்தனிக் கேள்வியா வருதாம், எங்களுக்கு ஏன் அப்பிடி இல்லை?

அங்க எங்கட ஓ.எல் மாதிரியான ஜி.சி.எஸ்.ஈ பரீட்சையில பரீட்சைச் சபை கனக்க இருக்கு. ஏ.க்யூ.ஏ சபையின்ர இங்கிலீஷ் லாங்குவேஜ் முதலாம் பேப்பரில ரெண்டாம் கேள்வி மொழிக்கு, மூண்டாம் கேள்வி அமைப்புக்கு, ரெண்டுக்கும் 8 புள்ளிப்படி. மொழிக் கேள்விக்குப் பந்தியில ஒரு சின்னத் துண்டைத்தான் தருவினம், அமைப்புக் கேள்விக்கு முழுப் பகுதியையும் பாக்கோணும். அந்தப் பிள்ளை மூண்டாம் கேள்வியில சிமிலியைப் பற்றி எழுதினா வீண். பந்தியும் முன்பின் வாசிக்காத பந்தி.

எங்கட ஓ.எல் ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடம், எல்லாரும் எடுக்கிற இங்கிலீஷ் பாடத்தில இருந்து வேற. கதை, கவிதை, நாடகம் எல்லாம் முன்கூட்டியே குறிச்சுத் தந்திருக்கு, அதால ரெண்டையும் பிரிக்காமல் சேர்த்துக் கேக்கினம். முன்னமே வாசிச்சது எங்களுக்கு வசதி. ஆனா அந்த வசதியால நோட்ஸைப் பாடமாக்கிக் கொட்டுற பழக்கமும் வருது, அதுதான் எனக்குக் கவலை.

வீட்டில இங்கிலீஷ் புத்தகம் இல்லை, லைப்ரறி தூரம், எப்பிடிப் பழகிறது?

பள்ளிக்கூட இங்கிலீஷ் புத்தகத்தில இருக்கிற வாசிப்புப் பந்தியே காணும். கேள்வியை விட்டிட்டுப் பந்தியை மட்டும் எடுத்து மேல சொன்ன கமராக் கோட்டைப் போடுங்கோ. பழைய பேப்பர் வரும், கடைச் சாமான் சுத்தி வாற இங்கிலீஷ்ப் பத்திரிகைத் துண்டு வரும், ஏ9 றோட்டுக்கரையில விளம்பரப் பலகை நிக்குது. விளம்பரத்தில கட்டளை வசனம், மூண்டு சொல் அடுக்கு, அலிற்றரேசன் எல்லாம் தாராளமாக் கிடைக்கும், ஏன் இந்தச் சொல்லை எடுத்தவை எண்டு பஸ்ஸில இருந்தபடியே யோசிக்கலாம்.

இன்னொண்டு, தமிழ்ச் சிறுகதை எடுத்துச் செய்து பாருங்கோ. அமைப்புக்கு மொழி ஒரு தடையில்லை. தமிழ்க் கதையில பார்வை திரும்புற இடத்தைப் பிடிக்கத் தெரிஞ்சா இங்கிலீசில பிடிக்கவும் ஏலும்.

தமிழில யோசிச்சுப்போட்டு இங்கிலீசில எழுதிறது கூடாதெண்டு சொல்லுகினம், உண்மையோ?

நான் அப்பிடிச் சொல்லமாட்டன். விளக்கத்தைத் தமிழில யோசியுங்கோ, ஆழமா யோசிக்க வாற மொழியில யோசிக்கிறதுதான் நல்லது. எழுதேக்க மட்டும் தமிழ் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் மாத்தாமல் சின்னச் சின்ன இங்கிலீஷ் வசனமா எழுதுங்கோ. "திஸ் சஜெஸ்ற்ஸ்", "திஸ் மேக்ஸ் அஸ் ஃபீல்", "பை டிலேயிங்", "த ஃபோகஸ் ஷிஃப்ற்ஸ்" எண்டு கொஞ்சம் வசனத் தொடக்கம் கைப்பழக்கமா இருந்தா மிச்சம் வரும். பெரிய சொல் தேவையில்லை. எளிய இங்கிலீசில நல்ல யோசினை எழுதின பிள்ளை, அலங்கார இங்கிலீசில ஒண்டுமில்லாதது எழுதின பிள்ளையை விடக் கூட எடுக்கும்.

யுத்தக் கவிதை வந்தா எங்கட வீட்டில நடந்ததை எழுதலாமோ?

இந்தக் கேள்வியை வன்னிப் பிள்ளையள்தான் கேக்கினம், கேக்கேக்க குரல் மாறுறதும் எனக்குத் தெரியும். 2009ஐ நீங்கள் காணாட்டியும் வீட்டில கேட்டு வளந்தனீங்கள். பங்கர் எண்ட சொல் வந்தா உங்களுக்கு அகராதி தேவையில்லை. அந்த அறிவு உங்களுக்கு ஒரு கண், வேற ஊர்ப் பிள்ளை தாண்டிப் போற சொல்லில நீங்கள் நிப்பீங்கள். நிக்கிறதுக்கு அதைப் பாவியுங்கோ. ஆனா விடையில எழுதுறது கவிதையில இருக்கிறதாத்தான் இருக்கோணும், அம்மம்மா சொன்னது வேற இடத்தில எழுதவேண்டியது, அதுவும் கட்டாயம் எழுதவேண்டியதுதான்.

ஒரு உதாரணம். வில்ஃபிரட் ஓவன் எண்ட கவிஞர் முதலாம் உலக யுத்தத்தில போராடினவர், 1918 நவம்பர் 4ஆம் திகதி செத்தார், யுத்தம் நிண்டது 11ஆம் திகதி. அவர் ரைம் வைக்கேக்க "ஹோல்", "ஹெல்" எண்டு மெய்ச் சத்தத்தை ஒண்டா வச்சு உயிர்ச் சத்தத்தை மாத்துவார், இதுக்குப் பரரைம் எண்டு பேர். காது ஒரு பொருத்தத்தை எதிர்பாக்கும், வந்து சேராது. குலைஞ்சுபோன ஒரு உலகத்தில ரைம் மட்டும் ஒழுங்கா வந்தா அது பொய்யாப் போயிருக்கும் எண்டு நீங்கள் எழுதலாம். இதை எழுதின பிள்ளை தன்ர அனுபவத்தை ஒரு வரியும் சொல்லேல்ல, ஆனா அந்த அனுபவம் இல்லாமல் அந்தச் சத்தத்தில அவ்வளவு நேரம் நிண்டிருக்கவும் மாட்டுது.

கதை சொல்லுறவர் "நான்" எண்டு சொன்னா அது எழுத்தாளர்தானே? அவர் சொல்லுறதை நம்பலாம்தானே?

ரெண்டுக்கும் இல்லை. "நான்" எண்டு பேசுறது எழுதினவர் உண்டாக்கின ஒரு ஆள். அந்த ஆள் தெரியாமலும் பிழையாச் சொல்லலாம், தெரிஞ்சுகொண்டும் மறைக்கலாம். வெய்ன் பூத் எண்டவர் 1961இல இதுக்கு அன்றிலயபிள் நரேற்றர் எண்டு பேர் வச்சார். எப்பிடிப் பிடிக்கிறதெண்டா, அவர் சொல்லுறதுக்கும் மற்ற ஆக்கள் நடந்துகொள்ளுறதுக்கும் பொருத்தம் இருக்கோ எண்டு பாருங்கோ. "நான் கோபப்படேல்ல" எண்டு சொல்லிக்கொண்டு கதவை அடிச்சுச் சாத்தினா எழுதினவர் எங்களுக்குக் கண் காட்டுறார். நாங்கள் அந்த ஆளை விடக் கூடத் தெரிஞ்ச ஆக்களாகிறம், அந்த இடைவெளியை எழுதுங்கோ.

எழுத்தாளர் உண்மையா இவ்வளவும் யோசிச்சோ எழுதினவர்? நாங்கள் சும்மா இழுக்கிறமோ?

நல்ல கேள்வி, வெக்கப்படாமல் கேளுங்கோ. எழுதினவரின்ர மனசுக்குள்ள போய்ப் பாக்க ஒருத்தராலயும் ஏலாது. விம்சற், பியர்ட்ஸ்லி எண்ட ரெண்டு பேர் 1946இல எழுதின கட்டுரையில, எழுதினவரின்ர நோக்கத்தை வச்சுக் கவிதையை மதிப்பிடக்கூடாதெண்டு வாதாடினவை. நாங்கள் பாக்கிறது பேப்பரில இருக்கிற சொல் என்ன செய்யுது எண்டதை. அவர் யோசிச்சு வச்சாரோ தானா வந்துதோ, சொல் அங்க இருக்கு, வேலையும் செய்யுது.

அதுக்காக என்னவும் சொல்லலாம் எண்டில்லை. "மண்பானை எண்டா சாவு, ஏனெண்டா சுடலையில குடம் உடைக்கிறது" எண்டு ஒரு பிள்ளை எழுதினா நான் பந்தியில வேற எங்க சாவு தெரியுது எண்டு கேப்பன். ஈரத்துணி உள்ளுக்கு இருக்கிறதைக் குளிர்ச்சியா வச்சுக் காப்பாத்துற துணி, அது சாவுக்கு எதிர்ப்பக்கம் இழுக்குது. மற்றச் சொல்லுகள் கை கொடுக்காத விளக்கத்தை விடுங்கோ.

ஒரே இடத்துக்கு ரெண்டு எதிரான விளக்கம் வந்தா எதை எழுதுறது?

ரெண்டையும். டிரைவர் எஞ்சினை நிப்பாட்டினது ஏன்? இனி ஒட்டுசுட்டான் பக்கம் போகமாட்டன் எண்ட மறுப்பா இருக்கலாம், கிழவிக்காக யோசிச்சு நிண்டதாயும் இருக்கலாம். பந்தி அதுக்குப் பிறகு ஒரு சொல்லோட முடியுது, முடிவு தரேல்ல. "பெர்ஹாப்ஸ்", "குட் ஓல்சோ சஜெஸ்ற்" எண்டு போட்டு ரெண்டையும் எழுதி, எது உங்களுக்குக் கூடப் பொருந்துதெண்டு ஒரு காரணத்தோட சொல்லுங்கோ. நான் எழுதினா, கொண்டக்டர் கிழவியைப் பற்றிச் சொன்ன உடனதான் எஞ்சின் நிண்டது, அந்த ரெண்டு வசனமும் ஒட்டி ஒட்டி இருக்கு, அதால அது அவவுக்கான மறுமொழி எண்டு எழுதுவன். மறுப்போ இரக்கமோ எண்டதை ஒழுங்கு சொல்லாது, அடுத்த பந்தி வந்தாத்தான் சொல்லும். பரீட்சையில அடுத்த பந்தி தந்திருந்தா அதையும் வாசிச்சுப்போட்டுத்தான் இந்த விடையை எழுதத் தொடங்கோணும்.